சோத்துக்கைப் பக்கம்

நாரி பிடித்துக்கொண்டது வியாழக்கிழமை காலையில். சப்பாத்து நாடா கட்டக் குனிந்தேன், நிமிர முடியவில்லை. இடுப்பு எலும்புக்குள் யாரோ ஆப்பு வைத்து இறுக்கிவிட்ட மாதிரி. சுவரைப் பிடித்து, கதவைப் பிடித்து, ஒருமாதிரிக் கட்டிலில் வந்து விழுந்தேன். இருபத்திரண்டு வருடம் டவுன்டவுன் ரெஸ்டோரண்ட் சமையலறைகளில் பெரிய சட்டிகளைத் தூக்கிக் கழுவிய நாரி. அதற்கு முதல் ஊரில் என் அப்புவோடு கல்லுடைத்த நாரி. இவ்வளவு காலம் தாங்கியதே பெரிய விஷயம். ஆனால் அது கைவிட்ட கிழமைதான் பிழையான கிழமை.

சனிக்கிழமை விடிய நிருஷா மலைக்குப் போகவேண்டும். அவளுடைய பைக்கின் பின்பாதி என் கராஜில் இரண்டு பெட்டிகளுக்குள் கிடந்தது.

நிருஷா என் பிள்ளை இல்லை. ஞானேந்திரனின் மகள். ஞானேந்திரனும் நானும் ஒரே தொட்டியில் பாத்திரம் கழுவியவர்கள். பிறகு அவன் பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கிக்கொண்டு போனான். நான் மொன்ட்ரியால்-நோரில் அதே வாடகை வீட்டில் இருந்துவிட்டேன். சமையலறை வேலையை விட்டபிறகு வீட்டுக்காரரின் பின்பக்கக் கராஜை எடுத்து, கோடையில் புல்லு வெட்டுகிற மெஷினும் குளிர்காலத்தில் பனி தள்ளுகிற மெஷினும் திருத்துகிறேன். படித்த வேலை இல்லை. கழற்றிக் கழற்றிப் பூட்டிப் பழகிய வேலை.

நிருஷாவுக்கு இருபத்தொன்பது வயது. ஒரு ஆஸ்பத்திரியில் இரத்தம் பரிசோதிக்கிற இடத்தில் வேலை. கோடையில் சேற்றிலும் காட்டுப் பாதையிலும் ஓட ஒரு டேர்ட் பைக் வைத்திருந்தாள். தகப்பனுக்கு அது பிடிக்காது. தாய்க்கு அதைப் பற்றிக் கதைக்கவே பிடிக்காது. அதனால் அது என் கராஜில்தான் நிற்கும்.

முதல் பனி விழுந்த கிழமை வந்து சொன்னாள்.

"மாமா, இதைப் பனியில ஓடுற மாதிரி மாத்தப் போறன்."

"பனியில சில்லுப் புதையுமே, பிள்ளை."

"சில்லே இல்லை, மாமா."

நான் அவளுக்குக் காய்ச்சலோ என்று பார்த்தேன். அவள் ஃபோனில் படம் காட்டினாள். முன்சில்லைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அகலமான ஒற்றை ஸ்கீ. பின்சில்லையும் அதைத் தாங்குகிற சட்டத்தையும் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பல்லு வைத்த நீளமான ரப்பர் ட்ராக். நடுவில் இருக்கிற எஞ்சின் அதேதான். ஹேண்டிலும் சீற்றும் அதேதான். பார்க்க மீனுக்கு ஒரு கால் முளைத்த மாதிரி இருந்தது. ஆனால் படத்தில் அது நெஞ்சளவு பனியில் மலைச்சரிவு ஏறிக்கொண்டிருந்தது.

வேலையைத் தொடங்கினபிறகு எனக்கு எல்லாமே தலைகீழ். பைக் என்றால் எஞ்சின் சூடேறக்கூடாது என்று பார்ப்போம். இதில் எஞ்சின் குளிரக்கூடாதாம். ரேடியேட்டரில் காற்றுப் படாமல் டேப் ஒட்டச் சொன்னாள். பிரேக் பின்சில்லில் இருக்கும் என்பது நான் அறிந்த உலகம். இதில் பின்சில்லு இல்லை, பிரேக் ட்ராக்கின் பக்கத்தில் இருந்தது. ஒவ்வொரு நாளும் ஒரு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, இது போகவேண்டியதா வரவேண்டியதா என்று யோசித்தேன்.

அவள் வாங்கின ட்ராக் பழையது, வேறு கம்பனி பைக்குக்கானது. ட்ராக்கின் சட்டம் பைக்கின் நடுவே போகிற ஒரு அச்சில் மாட்டும். அச்சின் இரண்டு பக்கமும் இடைவெளி நிரப்ப ஒவ்வொரு புஷ் வேண்டும். புஷ் என்றால் ஒரு சின்ன உலோக வளையம், அவ்வளவுதான். கூட வந்த புஷ் பொருந்தவில்லை. நான் என் பழைய லேத்தில் இரண்டு கடைந்தேன். ஒன்று பதினாலு மில்லிமீட்டர், மற்றது எட்டு. தடித்தது வலப்பக்கம், மெல்லியது இடப்பக்கம். அப்படிப் போட்டால்தான் எஞ்சினில் இருக்கிற பற்சில்லும் ட்ராக்கில் இருக்கிற பற்சில்லும் ஒரே கோட்டில் நின்று செயின் நேராக ஓடும். மாறிப்போனால் ஆறு மில்லிமீட்டர் விலகும். ஆறு மில்லிமீட்டர் கண்ணுக்கு ஒன்றுமில்லை. செயினுக்கு நிறைய.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தபோது நான் கராஜ் நிலத்தில் கார்ட்போர்ட் விரித்து, நாரிக்குக் கீழே சுடுதண்ணிப் பை வைத்துப் படுத்திருந்தேன்.

"என்ன மாமா, பைக்கைத் திருத்தத் தந்தா நீங்க பழுதாப்போய்க் கிடக்கிறியள்."

"எனக்குப் பார்ட்ஸ் வராது. செய்த கம்பனி மூடியாச்சு."

"அப்ப நாளைக்கு?"

"நீதான் பூட்டப் போறாய். நான் சொல்லச் சொல்லச் செய்."

"நான் ரத்தம் பாக்கிற ஆள், மாமா. இரும்பு பாக்கிற ஆளில்லை."

"ரத்தத்துக்குள்ள இரும்பு கிடக்கெண்டு நீதானே எனக்குச் சொன்னனீ. தேடி எடு."

அவள் சிரித்துக்கொண்டு மேலங்கியைக் கழற்றினாள். தமிழ்க் கடையில் வாங்கின மட்டன் ரோல்ஸ் ஒரு பை நிறைய வைத்திருந்தாள். ஒரு கையில் ரோல்ஸ், மற்றக் கையில் ஸ்பானர். நான் கீழே கிடந்து பார்த்தேன். ஸ்பானர் இடக்கையில் இருந்தது. ரோல்ஸ் சாப்பிட வலக்கை வேண்டும், அதனால் ஸ்பானர் மற்றக் கைக்குப் போய்விட்டது என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டதோ என்னவோ, ஸ்பானரைப் பற்றி யோசிக்கவில்லை. அந்தப் பக்கம் சுவரோடு ஒடுக்கம், அதனால் அந்தக் கையால் திருகுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

வேலை செய்துகொண்டே தன் கதையைச் சொன்னாள். வேலையிடத்தில் அவளுக்கு மேலே இருக்கிற செலீன் என்ற கெபெக்காரிதான் இந்தப் பனி பைக் கூட்டத்துக்குத் தலைவி. மூன்றாம் மாதக் கடைசியில் ஆறு பேர் நாலு நாள் ஷார்ல்வுவா பக்கத்து மலைக்குள் போகிறார்கள். ரோட்டு இல்லை, ஃபோன் பிடிக்காது, ஒரு மரக்குடிலில் படுக்கை. ஒருவரின் மெஷின் நின்றால் மற்ற ஐந்து பேரும் அதை இழுத்துக்கொண்டு வரவேண்டும். அதனால் செலீன் லேசில் ஆட்களைச் சேர்ப்பதில்லை.

"ரெண்டு வருஷமாக் கேட்டுக்கொண்டு திரியிறன், மாமா. நாளைக்கு நானும் பைக்கும் எப்பிடி எண்டு பாத்திட்டுத்தான் சொல்லுவா. இது சரிவந்தா நானும் ஒரு ஆள்."

"இப்ப நீ ஆள் இல்லையோ?"

"வேலையிடத்தில நான் ட்யூப் லேபல் ஒட்டுற ஆள். வீட்டில கலியாணம் கட்டாத ஆள். அங்க போனா மலை ஏறுற ஆள்."

அவள் சட்டத்தைத் தூக்கிப் பிடித்து, அச்சைப் பாதி செருகி, இரண்டு புஷ்ஷையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"எது எந்தப் பக்கம்?"

"தடிச்சது சோத்துக்கைப் பக்கம். மெல்லிசு மற்றக் கைப் பக்கம்."

"சோத்துக்கைப் பக்கம் தடிச்சது. ஷுவரா?"

"ஏன், எந்தக் கையால சாப்பிடுறதெண்டும் மறந்துபோச்சோ?"

"அது மறக்காது, மாமா."

"இருந்து ஓட்டுற மாதிரி நினைச்சுக்கொண்டு போடு. முன்னால நிண்டு பாத்து மாறிப் போட்டிடாதை."

"ஓம், ஓம்."

அவள் பைக்கில் ஏறி இருந்து, ஒரு கையைத் தொடையில் தட்டிப் பார்த்து, இறங்கி, போட்டாள். நான் படுத்த இடத்திலிருந்து சீற்றுக்கு மேலே அவளுடைய தலைதான் தெரிந்தது. பிறகு அச்சை முழுதாகத் தட்டி ஏற்றி, நட்டை நான் சொன்ன அளவுக்கு இறுக்கி, செயினை மாட்டி, அதன் மூடியையும் பூட்டினாள். கெட்டிக்காரி. சமையலறையில் நான் பழக்கின எத்தனையோ பொடியளை விடக் கெட்டிக்காரி.

பின்னேரம் கராஜுக்குப் பின்னாலுள்ள சின்ன ஒழுங்கையில் நாற்பது மீட்டர் ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தாள். முகம் முழுக்கப் பனித்தூள்.

"ஓடுது மாமா. ஆனா என்னவோ கர் கர் எண்டு ஒரு சத்தம்."

"புதுச் செயின் அப்பிடித்தான் கத்தும்."

"ஒருக்காக் குனிஞ்சு பாக்கிறியளே?"

"குனிஞ்சா நாளைக்கு என்னையும் ட்ரெயிலரில ஏத்திக் கட்டவேண்டி வரும்."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்தது நாரிக்கு நொந்தது. மூடிக்கு நாலே நாலு திருகாணி. கழற்றி ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் ஒரு நிமிட வேலை. இதை எழுதும்போதும் அந்த ஒரு நிமிடத்தைத்தான் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.

சனிக்கிழமை பின்னேரம் அவளுடைய குரல் ஃபோனில் பதிவாகி வந்தது. ஏற்றத்தில் செயின் கழன்று எஞ்சினுக்கும் பற்சில்லுக்கும் இடையில் சுருண்டு, எஞ்சினை மூடியிருக்கிற உலோகக் கோதை உடைத்துவிட்டது. ட்ராக் இறுகி நிற்க, பைக் பின்பக்கமாக வழுக்கி அவளை எறிந்துவிட்டது. மணிக்கட்டு எலும்பில் வெடிப்பு. கட்டுப் போட்டிருக்கிறார்கள். நாலு கிழமை. "நீங்க யோசிக்காதேங்கோ மாமா, பனி மெத்தை மாதிரித்தான்," என்று முடித்திருந்தாள்.

யோசிக்காமல் எப்படி இருப்பது?

ஞாயிற்றுக்கிழமை செலீன் ட்ரெயிலரில் பைக்கைக் கொண்டுவந்து இறக்கினாள். நாற்பது வயதிருக்கும், உயரம், கையுறை போடாத கைகள். ஆள் கெட்டவள் இல்லை. எனக்கு நாரி என்று கண்டதும் பைக்கைத் தானே உள்ளே தள்ளினாள். செயின் மூடியைக் கழற்றினோம். என்னால் குனிய முடியாது, அவள் குனிந்து டோர்ச் அடித்தாள், நான் கதிரையில் இருந்து பார்த்தேன். இரண்டு பற்சில்லும் ஒன்றையொன்று பார்க்கவில்லை. சண்டை பிடித்த அயலவர் மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன. தடித்த புஷ் இடப்பக்கம் இருந்தது.

செலீன் நிமிர்ந்து, இதைப் பூட்டியது யார் என்று பிரெஞ்சில் கேட்டாள். என்னுடையது சமையலறைப் பிரெஞ்சு. ஆனால் அந்தக் கேள்வி விளங்குகிற அளவுக்கு இருக்கிறது.

"எல்," என்றேன்.

அவள் என்பதற்குப் பிரெஞ்சில் அவ்வளவுதான். நாக்கு நுனியில் தொட்டுவிட்டுப் போய்விடும். பொய் இல்லை. அவள்தான் பூட்டினாள். செலீன் தலையை ஆட்டினாள். பிறகு பனியைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள், எனக்கு முழுக்க விளங்கட்டும் என்று. தன் மெஷினைச் சரியாகப் பூட்டத் தெரியாத ஆளை அந்தக் குடிலுக்குக் கூட்டிக்கொண்டு போகமுடியாது. வலது இடது தெரியாத ஆளை ஒருபோதும் முடியாது. அவள் நல்ல பிள்ளைதான், வருத்தம்தான், ஆனால் இந்த முறை இல்லை.

"மெர்சி," என்றாள். நன்றிக்கு நன்றியாக நானும் மெர்சி என்றேன். எதற்கு என்று தெரியவில்லை.

அவள் போனபிறகு நான் பைக்கைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். குழப்பம் என்றால் அப்படி ஒரு குழப்பம். நான் என்ன சொன்னேன்? சோத்துக்கைப் பக்கம் தடித்தது என்றேன். அவள் என்ன சொன்னாள்? ஓம் என்றாள். திருப்பியும் சொல்லிக் காட்டினாள். பைக்கில் ஏறி இருந்தும் பார்த்தாள். பிறகு எப்படி இடப்பக்கம் போனது? ஒருவேளை நான்தான் மற்றக் கை என்று சொன்னேனோ? நோவுக்குக் குளிசை போட்டிருந்தேன், வாய் மாறியிருக்கலாம். பைக்குக்கு முன்னால் நின்று வலக்கையைத் தூக்கினேன். பின்னால் போய் நின்று தூக்கினேன். சீற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிச் சோறு பிசைகிற மாதிரி விரல்களை அசைத்தேன். ஒவ்வொரு முறையும் அதே கைதான் அசைந்தது. புஷ் மட்டும் எதிர்ப்பக்கம் இருந்தது. பக்கத்து வீட்டு மனுசி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கையைக் கீழே போட்டேன்.

மூன்று நாள் அப்படியே போனது. லேத்தில் கடையும்போது தடிப்பை மாறி எழுதினேனோ என்று துண்டுக் கடதாசியைத் தேடினேன். சரியாக எழுதியிருந்தது. ஞானேந்திரனுக்கு ஃபோன் எடுத்தேன். அவன் வேலையில் நின்றான், பின்னால் சட்டிகள் இடிபடுகிற சத்தம் கேட்டது.

"மச்சான், உன்ர பிள்ளைக்கு வலது இடது தெரியுமோடா?"

"விசரோ உனக்கு? கார் ஓடுறாள், ரத்தம் பாக்கிறாள். ஏன் கேக்கிறாய்?"

"சும்மா."

"கேள், அந்தச் சனியனை இனி ஓட விடாமல் வித்துப்போடு. எனக்குச் சொல்லாமல் ரெண்டு பேரும் சேந்து என்னத்தைப் பூட்டினியளோ."

புதன்கிழமை நாரி கொஞ்சம் விட்டது. இரண்டு பஸ் மாறி, ஒன்றரை மணித்தியாலம் இருந்து, பியர்பொன்ட்ஸுக்குப் போனேன். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது என்று பஸ் தரிப்புக்குப் பக்கத்து டெப்பனர் சில்லறைக் கடையில் தோடம்பழம் வாங்கினேன். உண்மையில் போனது நோயாளியைப் பார்க்க இல்லை. ஒரு கேள்வி கேட்க. நான் எந்தப் பக்கம் என்று சொன்னேன்?

ஞானேந்திரனின் மனைவி குணேஸ்வரி கதவைத் திறந்தாள்.

"வாங்கோ நகுலண்ணை. உங்கட மருமகள் அங்க குந்திக்கொண்டு சோத்தோட மல்லுக்கட்டுறாள், வந்து பாருங்கோ."

குசினி மேசையில் நிருஷா முன்னால் ஒரு கோப்பை சோறும் மீன்குழம்பும். கரண்டியை ஒரு கையால் பிடித்து வாய்க்குக் கொண்டுபோக, பாதி வழியில் சோறு மடியில் விழுந்தது. மற்றக் கை கட்டோடு மேசையில் கிடந்தது.

"மாமா, வாங்கோ. இதைப் பாருங்கோ என்ர கோலத்தை." கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள். "சோத்துக்கைதான் போச்சு. மற்றக் கையால ஒண்டும் சரிவருதில்லை."

நான் தோடம்பழப் பையை வைக்க மறந்து நின்றேன். கட்டுப் போட்டிருந்தது இடக்கை.

"எந்தக் கை எண்டனீ?"

"சோத்துக்கை."

"அது இடக்கையெல்லோ?"

"ஓம். நான் இடக்கை, மாமா. உங்களுக்குத் தெரியாதே?"

குணேஸ்வரி சட்டியை அடுப்பில் டக்கென்று வைத்தாள். "உதை ஊருக்கெல்லாம் சொல்லு."

"நகுல் மாமா ஊரே, அம்மா?"

"எனக்குத் தெரியாதே," என்றேன். "எத்தினை கலியாண வீட்டில உன்னோட இருந்து சாப்பிட்டிருப்பன்."

"அங்கயெல்லாம் முள்ளுக்கரண்டியாலதானே சாப்பிடுவன். அம்மா விடமாட்டா. ஆக்களுக்கு முன்னால அந்தக் கையால சோத்தைத் தொட்டா மானம் போயிடுமாம். வீட்டில மட்டும்தான் என்ர இஷ்டம்."

"சின்னனில அந்தக் கைக்கு ரெண்டு போட்டு மாத்தியிருக்கவேணும்," என்றாள் குணேஸ்வரி. "இந்த நாட்டில அடிக்க ஏலாது எண்டு விட்டதுதான் பிழை."

நிருஷா கரண்டியைக் கீழே வைத்தாள். முகத்தில் ஏதோ ஒன்று மெல்ல மெல்ல வந்தது. இரத்தம் பார்க்கிற பிள்ளை, என்னைவிடக் கெதியாகக் கண்டுபிடித்துவிட்டாள்.

"அப்ப நீங்க அண்டைக்குச் சொன்ன சோத்துக்கைப் பக்கம்…"

"வலது."

"வலது?"

"வேறென்ன? சோத்துக்கை எண்டா வலது. அப்பு கல்லில அடிக்கேக்க சோத்துக்கைப் பக்கம் அடி எண்டுதான் சொல்லுவார். ஒருத்தரும் பிழையா அடிச்சதில்லை."

"நீங்கதானே கேட்டியள், எந்தக் கையால சாப்பிடுறதெண்டு மறந்துபோச்சோ எண்டு. நான் பைக்கில ஏறி இருந்து, இந்தக் கையைத் தொடையில தட்டிப் பாத்து, இந்தக் கையாலதான் சாப்பிடுறன் எண்டு வடிவா யோசிச்சுப் போட்டன், மாமா."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். கட்டுப் போட்ட கை குலுங்க, நோவில் முகத்தைச் சுளித்துக்கொண்டும் சிரித்தாள். குணேஸ்வரிக்கு என்ன நடந்தது என்று பாதிதான் விளங்கியது, அவளும் சிரித்தாள். நானும் சிரித்திருப்பேன். ஆனால் எனக்கு இன்னும் ஒன்று பிடிபடவில்லை. இப்போது பிழை யாருடையது? நான் சொன்னது சரி. அவள் செய்ததும் சரி. இரண்டு சரி சேர்ந்து எஞ்சின் கோதை உடைத்திருக்கிறது.

"அப்ப ஆரின்ர பிழை?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"சோத்தின்ர பிழை," என்றாள் நிருஷா. சிரிப்பு மெல்ல அடங்கியது. மற்றக் கையால் கண்ணைத் துடைத்தாள். "மாமா, இதைச் செலீனுக்குச் சொல்லுங்கோ. என்ர பேரை வெட்டிப்போட்டா. வலது இடது தெரியாத ஆளாம் நான். அவவுக்குக் கீழதான் ஒவ்வொரு நாளும் வேலை செய்யிறன். அடுத்த மாசக் கடைசி மட்டும் லிஸ்ட் திறந்து கிடக்கு, கட்டு அதுக்குள்ள அவிழ்ப்பினம்."

"நீயே சொல்லன்."

"நான் சொன்னாச் சாட்டுச் சொல்லுறன் எண்டு நினைப்பா. நீங்கதான் அவவுக்கு 'எல்' எண்டு சொன்னனீங்களாம்."

குணேஸ்வரி தேத்தண்ணிக் கோப்பையை என் முன்னால் வைத்தாள். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஓம். நீதானே பூட்டினனீ."

"ஓம், நான்தான் பூட்டினன்." அவள் கரண்டியை எடுத்துச் சோற்றைக் கிளறினாள். "சத்தம் கேக்குதெண்டும் சொன்னன்."

தோடம்பழம் ஒன்றை உரித்துத் தாருங்கோ என்று கேட்டாள். உரித்துக் கொடுத்தேன். செலீனுக்குச் சொல்லுறன் என்றேன். வாயால் சொன்னேன், அவளும் கேட்டாள், தாயும் கேட்டாள்.

அடுத்தநாள் செலீனுக்கு ஃபோன் எடுத்தேன். வலது என்றும் இடது என்றும் பிரெஞ்சில் எனக்குச் சொல்லத் தெரியும். ஆனால் நடந்ததைச் சொல்ல அது காணாது. 'சோறு சாப்பிடுகிற கை' என்று சொல்லிப் பார்த்தேன். எந்தச் சோறு என்று கேட்டாள். மீன்குழம்புச் சோறு இல்லை, எல்லாச் சோறும், என்றேன். பிறகு கேட்டாள்: அப்படியென்றால் அவள் சோறு சாப்பிட்டுக்கொண்டா பூட்டினாள்? இல்லை, ரோல்ஸ், என்றேன். அதைச் சொல்லியிருக்கவே கூடாது. மலைக்குப் போகிற மெஷினில் எண்ணெய்க் கையோடு வேலை செய்கிறாளா என்று அவள் பெருமூச்சு விட்டாள். நான் இல்லை இல்லை என்றேன். அவளுக்கு வேறு ஃபோன் வந்தது. வைத்துவிட்டாள்.

அந்த ஃபோனால் நிருஷா முதல் நின்ற இடத்தைவிட இன்னும் ஒரு படி கீழே போனாள். வலது இடது தெரியாதவள், சாப்பிட்டுக்கொண்டு பூட்டுகிறவள்.

இதெல்லாம் மொழிப் பிரச்சினை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மூன்று கிழமை ஓட்டினேன். கராஜில் வேலைக்குக் குறைவில்லை. பழைய எஞ்சின் கோது ஒன்று தேடிப் பிடித்து மாற்றினேன். புஷ் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டேன். இந்த முறை நானே குனிந்து, முழங்காலில் நின்று, ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். செயின் நூல் பிடித்த மாதிரி நின்றது. குனிய முடிந்தது. அன்றைக்கும் பல்லைக் கடித்தால் முடிந்திருக்கும்.

மொழிப் பிரச்சினை இல்லை. சோத்துக்கையை விளங்கப்படுத்தவே தேவையில்லை. 'செ மா ஃபோத்' என்றால் போதும். பிழை என்னுடையது. அந்தச் சொல் எனக்கு நன்றாகத் தெரியும். இந்த நாட்டில் நான் கேட்டுப் பழகிய முதல் பிரெஞ்சுச் சொற்களில் அதுவும் ஒன்று. பெரிய சமையல்காரன் கத்திக்கொண்டு வரும்போது அதைச் சொன்னவன் அடுத்தநாள் தொட்டியடியில் நிற்கமாட்டான். உடைந்த தட்டு தானாக உடைந்தது. எரிந்த சட்டி முந்தின ஷிஃப்டில் எரிந்தது. இருபத்திரண்டு வருடமும் நான் அதைச் சொல்லாமல்தான் வேலையைக் காப்பாற்றினேன். ஞானேந்திரனும் அப்படித்தான் வீடு வாங்கினான். இப்போது என்னை வேலையால் நிற்பாட்ட ஒருவரும் இல்லை, கத்த ஒருவரும் இல்லை, செலீன் நல்ல மனுசி. ஆனாலும் ஃபோனைக் கையில் எடுத்தால் நாக்கு 'எல்' என்ற இடத்திலேயே போய் நிற்கிறது. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

நேற்று நிருஷா கராஜுக்கு வந்தாள். கட்டு அவிழ்த்துவிட்டார்கள், கை வெளிறி மெலிந்திருந்தது. பைக்கைச் சுற்றிப் பார்த்தாள். இடக்கையால் செயினைத் தொட்டு இழுத்துப் பார்த்தாள்.

"வடிவா நிக்குது, மாமா."

"ஓம்."

"செலீனோட கதைச்சியளே?"

"கதைச்சன். அவவுக்கு விளங்கேல்லை. பேந்து ஒருக்காக் கதைக்கிறன்."

"பேந்து எண்டா?"

"பேந்துதான்."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமில்லை. இரத்தத்தில் என்ன இருக்கிறதென்று பார்க்கிற பார்வை. பிறகு பைக்குக்குத் துணியைப் போர்த்துவிட்டு, வாறன் மாமா என்று போனாள்.

பைக் வேலைக்கு அவள் எனக்குத் தரவேண்டியது ஒன்றுமில்லை. நான்தான் தரவேண்டும். செலீனுக்கு ஒரு ஃபோன் எடுத்து, நான் சொன்ன விதம் பிழை, சத்தம் கேட்டும் நான் குனிந்து பார்க்காதது பிழை, நிருஷாவுடையது இல்லை என்று சொல்லவேண்டும். மாதம் முடிய இன்னும் நாலு நாள் இருக்கிறது. இன்றைக்கும் அந்தக் கடனைக் கொடுக்கவில்லை.